‘இல்லை’ எல்லை தாண்டும், ‘ஆம்’ தாண்டாது: ஐரோப்பாவின் டப்ளின் விதியும் அகதியின் ஒற்றை வாய்ப்பும்

ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் ஏடுகளில் அவருக்குப் பெயர் இல்லை. டி.ஐ. என்ற இரண்டு எழுத்துகள் மட்டுந்தான். இலங்கைத் தமிழர். 1996-ல் ஜேர்மனிக்குப் போய் அகதித் தஞ்சம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு பிரித்தானியாவுக்கு வந்து மறுபடியும் கேட்டார். அவர் சொல்வது உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் பிரித்தானிய அதிகாரிகள் போகவேயில்லை. இவரைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி ஜேர்மனிக்கு எழுதினார்கள். ஜேர்மனியும் சரி என்றது.

ஜேர்மனிக்குப் போனால் அங்கிருந்து கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அவர் பயந்தார். அந்தப் பயத்துக்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. விடுதலைப் புலிகள் இயக்கத்தாலும் அரச தரப்பாலும் துன்புறுத்தப்பட்டேன் என்பது அவருடைய முறைப்பாடு. அந்தக் காலத்து ஜேர்மன் நீதிமன்றங்கள், கொடுமை அரசின் கையால் நடந்திருந்தால்தான் ஒருவரை அகதி என்று கொள்ளும். ஆயுதக் குழு செய்ததெல்லாம் கணக்கில் வராது. பிரித்தானியாவிலோ, யார் அடித்தாலும் அரசால் காப்பாற்ற முடியவில்லையென்றால் அவர் அகதிதான். இரண்டு நாடுகளும் கையெழுத்திட்டது ஒரே 1951 ஜெனீவா உடன்படிக்கையில். அகதி யார் என்று சொல்லும் வாசகமும் ஒன்றே. அதை வாசித்த விதம்தான் வேறு.

2000 மார்ச் 7-ல் ஸ்ட்ராஸ்பேர்க் அவருடைய மனுவை ஏற்க மறுத்தது. வழக்கைத் திரும்பவும் பார்க்க வழியிருக்கிறது என்று ஜேர்மனி கொடுத்த உறுதியை நீதிமன்றம் நம்பியது. ஆனாலும் அந்தத் தீர்மானத்தில் ஒரு கருத்து ஊன்றப்பட்டது: நாடுகளுக்கிடையில் ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காக, ஆளை அனுப்புகிற நாடு தன் பொறுப்பைக் கைகழுவ முடியாது. அந்தக் கருத்து பதினொரு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவின் புகலிட ஏற்பாட்டையே ஆட்டிப்பார்த்தது. தமிழர் ஒருவரின் தோற்ற வழக்கு அதற்கு அடியெடுத்துக் கொடுத்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

டி.ஐ.யைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது 1990 ஜூன் 15-ல் டப்ளின் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை. ஒருவருடைய தஞ்சக் கோரிக்கையை எந்த நாடு விசாரிக்கவேண்டும் என்று தீர்மானிப்பது அது. 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2003-லும் 2013-லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமாகத் திருத்தி எழுதப்பட்டது. ஒன்றியத்துக்கு வெளியே நிற்கும் நோர்வே, ஐஸ்லாந்து, சுவிற்சர்லாந்து, லிக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளும் இதற்குள் உண்டு. புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளில், தஞ்சத்தைக் குறிக்கும் ‘அசூல்’ என்ற சொல் எவ்வளவு பழக்கமோ, ‘டப்ளின்’ என்ற சொல்லும் அவ்வளவு பழக்கம். ‘அவருக்கு டப்ளின் விழுந்திட்டுது’ என்றால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆளை வேறொரு நாட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு வந்தது? 1985 ஜூன் 14-ல் லக்சம்பேர்க்கின் செங்கன் கிராமத்தருகே, மோசல் ஆற்றில் நின்ற ஒரு கப்பலில் ஐந்து நாடுகள் கூடி, தங்களுக்கிடையிலான எல்லைச் சோதனைகளைப் படிப்படியாக நீக்குவதென ஒப்பந்தம் செய்தன. பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, லக்சம்பேர்க், நெதர்லாந்து என்பன அந்த ஐந்து. உள்ளே கதவுகளைத் திறந்துவிட்டால் வாசற்கதவை யார் காப்பது என்ற கேள்வி அதோடு கூடவே வந்தது. தஞ்சம் கேட்டவரை ‘எங்கள் வேலை இல்லை’ என்று ஒரு நாடு அடுத்த நாட்டுக்குத் தள்ள, அது இன்னொன்றுக்குத் தள்ள, எங்கேயும் விசாரணையே நடக்காமல் சுற்றியவர்கள் அன்று இருந்தார்கள். ஒரு நாட்டில் மறுத்தால் அடுத்த நாட்டில் கேட்டவர்களும் இருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து டப்ளின் ஒரு முடிவு சொன்னது: ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பான நாடு ஒன்று கட்டாயம் இருக்கும், ஒன்றுக்கு மேல் இருக்காது.

அதே 1985-ல் தமிழரை முன்வைத்து நடந்த இன்னொரு ஒத்துழைப்பையும் சொல்லவேண்டும். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, நகர ரயிலில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டார்கள். பேர்லின் முழுதும் ஒரே நகரம் என்று கருதிய மேற்குத் தரப்பு அந்தக் கோட்டில் கடவுச்சீட்டு பார்ப்பதில்லை. கிழக்குத் தரப்புக்கோ இடைவழி விசா கொடுப்பதில் சிரமமில்லை. மேற்கு ஜேர்மனி பல தடவை கேட்டபின், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழருக்கு வழிவிடுவதில்லையென அந்தக் கோடையில் கிழக்கு ஜேர்மனி சம்மதித்தது. சுவரின் இரு பக்கமும் பகைத்து நின்ற நாட்களிலேயே இது நடந்தது. ஆட்களைத் தடுப்பதற்கு நாடுகள் எவ்வளவு எளிதாகக் கைகோத்துவிடுகின்றன, அவர்களைக் காப்பதற்கு எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்கின்றன என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த வரலாற்றில்தான்.

1951 உடன்படிக்கையின் முகவுரையிலேயே ஒத்துழைப்பு பற்றிய பேச்சு இருக்கிறது. தஞ்சம் கொடுப்பதால் சில நாடுகள்மேல் தாங்கமுடியாத பாரம் விழக்கூடும், பன்னாட்டு ஒத்துழைப்பு இல்லாமல் இதற்குத் தீர்வில்லை என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் முகவுரையோடு சரி. ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பாதே என்று 33-ஆம் பிரிவு கண்டிப்பாகச் சொல்கிறது. யார் எத்தனை பேரை ஏற்பது, செலவை யார் பங்கிடுவது என்பதற்கு ஒரு பிரிவும் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வெற்றிடத்தில்தான் டப்ளினை எழுதியது.

எழுதிய விதம் என்ன? பொறுப்பான நாட்டைக் கண்டுபிடிக்க வரிசையாகச் சில அளவுகோல்கள் உண்டு. முதலில் தனித்து வந்த சிறுவர்கள், அவர்களுடைய நலன். அடுத்து, குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே தஞ்சம் பெற்றிருக்கிறாரா அல்லது கேட்டிருக்கிறாரா. பிறகு, எந்த நாடு விசா கொடுத்தது. அதற்கும் கீழேதான் அனுமதியில்லாமல் எந்த நாட்டு எல்லை வழியாக நுழைந்தார் என்ற கேள்வி. ஒன்றும் பொருந்தாவிட்டால் முதலில் கேட்ட நாடு. தாளில் பார்த்தால் குடும்பம் மேலே இருக்கிறது, எல்லை கீழே இருக்கிறது. நடைமுறையில் அது தலைகீழாகிவிட்டது. காரணம் எளிமையானது. நுழைந்த இடத்தை இயந்திரம் சொல்லிவிடும். உறவை ஆள்தான் நிரூபிக்கவேண்டும்.

அந்த இயந்திரத்தின் பெயர் யூரோடாக். 2003 ஜனவரி 15 முதல் இயங்கும் கைரேகைத் தரவகம். தஞ்சம் கேட்பவரிடமும் எல்லையில் பிடிபட்டவரிடமும் பத்து விரல்களையும் கண்ணாடித் தட்டில் வைக்கச் சொல்வார்கள். பதிவு மத்திய கணினிக்குப் போய், முன்பே அதே ரேகை இருந்தால் விடை வந்துவிடும். விடையில் நாட்டைக் குறிக்கும் எழுத்துகள், அதன்பின் ஒரு எண். 1 என்றால் அந்த நாட்டில் தஞ்சம் கேட்டவர். 2 என்றால் அங்கே எல்லை தாண்டும்போது பிடிபட்டவர். வந்தவர் சொல்லும் கதை எத்தனை பக்கம் நீண்டாலும், அவர் எந்த நாட்டுக்குரியவர் என்று தீர்மானிக்க இந்தச் சிறு குறியீடே பெரும்பாலும் போதும். இதை அறிந்தவர்கள் பிரான்சின் கலே துறைமுகத்தருகே, பிரித்தானியாவுக்கு வழி பார்த்துக் காத்திருந்த நாட்களில், விரல் நுனிகளைச் சுட்ட இரும்பில் வைத்துத் தேய்த்தார்கள். சில நாடுகளில் அதிகாரிகள் தோல் வளரும்வரை பொறுத்திருந்து மறுபடி ரேகை எடுத்தார்கள். ஊரில் பட்ட காயத்தை நீதிபதிக்குக் காட்டவேண்டியவர், தஞ்சம் கேட்க வந்த இடத்தில் தன் கையில் தானே காயம் செய்துகொண்டார்.

மௌனம் சம்மதமான கதை

இனி அந்தப் பதினொரு ஆண்டு கழித்த வழக்கு. ஆப்கானியர் ஒருவர், காபூலில் பன்னாட்டுப் படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 2008-ல் ஈரான், துருக்கி வழியாகக் கிரேக்கத்துக்குள் வந்தார். அங்கே ரேகை எடுத்து, ஒரு வாரம் அடைத்துவைத்து, நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். 2009 பெப்ரவரியில் பெல்ஜியம் போய்த் தஞ்சம் கேட்டார். யூரோடாக் கிரேக்கத்தைக் காட்டியது. பெல்ஜியம் கிரேக்கத்துக்கு எழுதியது. பதில் வரவில்லை. டப்ளின் சட்டப்படி இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே பொருள். ‘மௌனம் சம்மதம்’ என்பது நமக்குக் கல்யாணப் பேச்சில் சொல்லும் பழமொழி. இங்கே ஒரு மனிதனை எங்கே அனுப்புவது என்பதற்கு அது சட்ட விதி. கடிதத்துக்குப் பதில் எழுதக்கூட முடியாத நிலையில் ஒரு நாட்டின் புகலிட அலுவலகம் இருக்கிறது என்பதே எச்சரிக்கையாக இருந்திருக்கவேண்டும். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, 2009 ஜூனில் அவரை ஏதென்சுக்கு ஏற்றினார்கள்.

விமான நிலையத்தை ஒட்டிய கட்டடத்தில், ஒரு சிறிய இடத்தில் இன்னும் இருபது பேரோடு அவரை அடைத்தார்கள். காவலர் மனம் வைத்தால்தான் கழிப்பறை. வெளிக்காற்று இல்லை. அழுக்கு மெத்தை, இல்லாவிட்டால் வெறுந்தரை. நான்கு நாளில் வெளியே விட்டபோது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள்: இரண்டு நாளுக்குள் காவல் தலைமையகத்துக்கு வந்து வீட்டு முகவரியைப் பதியவும். அவருக்கு வீடு இல்லை, அதனால் போகவில்லை. ஏதென்சின் நடுவிலுள்ள பூங்காவில், மற்ற ஆப்கானியரோடு பல மாதம் படுத்தெழும்பினார். முகவரி இல்லாதவருக்கு அழைப்பாணை வராது, அழைப்பாணை வராதவருக்கு விசாரணை நடக்காது.

2011 ஜனவரி 21-ல் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றத்தின் பேரமர்வு தீர்ப்புச் சொன்னது. கிரேக்கம் அவரை மனிதத்தன்மைக்கு மாறாக நடத்தியது குற்றம். அது தெரிந்தும் அனுப்பிய பெல்ஜியத்தின் மேலும் குற்றம். டி.ஐ. வழக்கில் விதையாக விழுந்த கருத்து இங்கே முளைத்து மரமாகிவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் லக்சம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் அதே வழியில் வந்தது. புகலிட ஏற்பாடே அடிப்படையில் பழுதான நாட்டுக்கு ஆளை அனுப்பக்கூடாது என்ற விதி 2013-ன் மூன்றாவது டப்ளின் சட்டத்துக்குள் சேர்ந்தது. 2014-ல், ஆறு பிள்ளைகளோடு வந்த ஆப்கானியக் குடும்பம் ஒன்றை இத்தாலிக்கு அனுப்ப முற்பட்ட சுவிற்சர்லாந்துக்கு இன்னொரு பூட்டுப் போட்டார்கள்: பிள்ளைகளின் வயதுக்கேற்ற இடமும், குடும்பம் பிரியாமல் இருப்பதும் உறுதி என்று இத்தாலியிடமிருந்து முன்கூட்டியே பெறாமல் அனுப்பாதே.

இந்தத் தீர்ப்புகள் எல்லாம் ஒரு நம்பிக்கையைத்தான் கேள்வி கேட்டன. டப்ளின் முழுதும் நிற்பது அந்த நம்பிக்கையின் மேல்தான். நாடுகள் ஒன்றையொன்று நம்புகின்றன, எந்த நாட்டில் கேட்டாலும் ஒரே நீதி கிடைக்கும், ஆகவே எங்கே கேட்பது என்பது முக்கியமில்லை என்பது அதன் கணக்கு. உண்மை அப்படியில்லை. ஆப்கானியருடைய கோரிக்கைகளை இத்தாலி பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட அதே ஆண்டுகளில் பல்கேரியா மிகச் சிலருக்கே தஞ்சம் கொடுத்தது. போரும் ஊரும் ஒன்றாக இருக்க, எந்த எல்லையில் விரலை வைத்தார் என்பதைப் பொறுத்து உயிரின் கணக்கு மாறுகிறது. ஜேர்மனியின் பழைய வாசிப்பு, அதாவது அரசு செய்ததை மட்டும் எண்ணும் வாசிப்பு, 2004-ல் ஒன்றியம் கொண்டுவந்த பொது நெறிமுறையோடு முடிவுக்கு வந்தது. அது வரவேற்கவேண்டிய மாற்றம். சட்டத்தின் எழுத்து நெருங்கிவந்தது. அதை வைத்துத் தீர்ப்பெழுதும் அலுவலர்களின் கை நெருங்கி வரவில்லை.

எந்த முடிவு எல்லை தாண்டுகிறது?

இந்த ஒத்துழைப்பின் இயல்பைப் புரிந்துகொள்ள நான் பார்ப்பது ஒரே ஒரு கேள்வியை: ஒரு நாட்டின் எந்த முடிவை மற்ற நாடு மதிக்கிறது? ஒரு நாடு ‘இல்லை’ என்றால் அது எல்லோருடைய ‘இல்லை’யும் ஆகிவிடுகிறது. இத்தாலியில் மறுக்கப்பட்டவர் ஜேர்மனியில் கேட்டால், அவரைத் திருப்பி எடுக்கும்படி இத்தாலிக்கு எழுதுவார்கள். வெளியேற்ற உத்தரவைக்கூட ஒரு நாடு போட்டதை இன்னொரு நாடு ஏற்று நிறைவேற்றலாம் என்று 2001-லேயே தனி நெறிமுறை எழுதிவிட்டார்கள்.

‘ஆம்’ என்றால்? அந்த ‘ஆம்’ அந்த நாட்டுக்குள் மட்டும். கிரேக்கத்தில் அகதி என்று ஏற்கப்பட்டவர் நெதர்லாந்துக்குப் போய் உறவினரோடு குடியிருந்து வேலை செய்ய உரிமை இல்லை. நீண்டகால வதிவுரிமைக்கு ஐந்து ஆண்டு அங்கேயே இருந்து தகுதி பெறவேண்டும். 2018-ல் கிரேக்கத்தில் அகதியாக ஏற்கப்பட்ட சிரியப் பெண் ஒருவர் ஜேர்மனிக்கு வந்தார். கிரேக்கத்துக்குத் திருப்பி அனுப்பினால் மனிதத்தன்மையற்ற நிலைக்கு ஆளாவார் என்று ஜேர்மன் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் கிரேக்கம் கொடுத்த அகதி நிலையை ஜேர்மனி அப்படியே ஏற்கவேண்டுமா என்ற கேள்வி லக்சம்பேர்க்குக்குப் போனது. 2024 ஜூன் 18-ல் விடை வந்தது: கட்டாயமில்லை. ஜேர்மனி புதிதாக விசாரிக்கலாம். கிரேக்கத்தின் முடிவை முழுமையாகக் கருத்தில் எடுத்தால் போதும். நீதிபதிகளைக் குறை சொல்லமாட்டேன். ‘ஆம்’ஐ ஏற்கும்படி நாடுகளைக் கட்டாயப்படுத்தும் சட்டத்தை ஒன்றியம் எழுதவில்லை, அதனால் அவர்கள் கையில் அப்படி ஒரு கருவி இல்லை. எழுதாமல் விட்டது நாடுகளின் அரசியல் முடிவு. மருத்துவரின் பட்டத்துக்கும் ஓட்டுநர் உரிமத்துக்கும் செல்லுபடியாகும் பரஸ்பர ஏற்பு, அகதி என்ற தீர்ப்புக்கு வரும்போது மறுதலிப்புக்கு மட்டும் பொருந்துகிறது.

இப்படியொரு ஏற்பாடு தன் நோக்கத்திலாவது வென்றதா என்றால், அதுவும் இல்லை. ஜேர்மனி 2023-ல் மற்ற நாடுகளுக்கு அனுப்பிய டப்ளின் கோரிக்கைகள் 74,000-க்கு மேல். உண்மையில் அனுப்பப்பட்டவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். இத்தாலி 2022 டிசம்பரில் இடமில்லை என்று சொல்லி, மிகச் சில தவிர, திருப்பி எடுப்பதை நிறுத்திக்கொண்டது. மற்ற நாடு ஒப்புக்கொண்டு ஆறு மாதத்துக்குள் அனுப்பாவிட்டால் பொறுப்பு அனுப்பவேண்டிய நாட்டுக்கே வந்துவிடும். ஆள் தலைமறைவென்றால் பதினெட்டு மாதம். அதனால் ஆறு மாதம் என்பது ஒரு தவணையாகிவிட்டது. ஜேர்மனியில் சில தேவாலயங்கள், அனுப்பினால் ஆபத்து என்று தாங்கள் கருதுகிறவர்களைப் பங்கு மண்டபங்களில் தங்கவைத்து, அதிகாரிகளுக்கு முகவரியையும் தெரியப்படுத்திவிட்டு, அந்த ஆறு மாதத்தைக் கடத்துகின்றன. காவலர்கள் பெரும்பாலும் உள்ளே போவதில்லை. அங்கே இருப்பவர் வாசலைத் தாண்டாமல் நாள்காட்டியில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருப்பார்.

2015-ல் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல்வழியே வந்தபோது டப்ளினின் கணக்கு வெளிப்படையாக உடைந்தது. எழுத்துப்படி பார்த்தால் அவர்களில் பெரும்பாலோர் கிரேக்கத்தின் பொறுப்பு. அந்த செப்டம்பரில், இத்தாலியிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் 160,000 பேரை மற்ற நாடுகள் பங்கிட்டு எடுப்பதென்று முடிவானது. கடைசியில் மாற்றப்பட்டவர்கள் சுமார் 35,000 பேர். ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்குப் போட்டு 2017-ல் தோற்றன. போலந்து, ஹங்கேரி, செக் குடியரசு மூன்றும் கடமை தவறின என்று 2020 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அதற்குள் திட்டத்தின் காலம் முடிந்துவிட்டது. 2020 செப்டம்பரில் லெஸ்போஸ் தீவின் மோரியா முகாம் எரிந்தபோது, மூன்றாயிரம் பேருக்கென்று இருந்த இடத்தில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள்.

இதற்கு வேறு வழியே இல்லை என்று சொல்பவர்களுக்கு 2022-ஐ நினைவூட்டவேண்டும். யுக்ரைன் மக்கள் வந்தபோது, 2001-ல் எழுதி இருபது ஆண்டுகள் தொடாமல் வைத்திருந்த தற்காலிகப் பாதுகாப்பு நெறிமுறையை மார்ச் 4-ல் ஒன்றியம் எடுத்து நடைமுறைப்படுத்தியது. ஒவ்வொருவருடைய வழக்கையும் தனித்தனியே விசாரிக்கவில்லை. எந்த நாட்டுக்குப் போவது என்பதை வந்தவரே தெரிந்தெடுத்தார். அக்கா போலந்தில் இருந்தால் போலந்து, வேலை செக் நாட்டில் கிடைத்தால் செக் நாடு. நாற்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படிப் பாதுகாப்புப் பெற்றார்கள். உறவும் மொழியும் உள்ள இடத்துக்கு மனிதர்கள் தாமாகவே போய்ச் சேர்ந்தபோது, அரசுகள் கடிதம் எழுதி ஆளை இழுபறிப்படவேண்டிய தேவை வரவில்லை. அதே சட்டப்புத்தகத்தில் இருந்த வழி அது. சிரியர்களுக்கும் ஆப்கானியர்களுக்கும் அதை ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கு எனக்கு ஏற்கத்தக்க விடை எவரிடமிருந்தும் கிடைக்கவில்லை.

புதிய சட்டம் என்ன மாற்றுகிறது

2020-ல் முன்மொழியப்பட்டு, நான்கு ஆண்டுகள் இழுபட்டு, 2024-ல் நிறைவேறிய புதிய குடிவரவு மற்றும் புகலிட உடன்பாடு டப்ளின் என்ற பெயரை நீக்கிவிடுகிறது. நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஜூன் 12. பெயர் போனாலும் முதல் நுழைவு விதி போகவில்லை. இன்னும் இறுகுகிறது: அனுமதியில்லாமல் நுழைந்த நாட்டின் பொறுப்பு முன்பு பன்னிரண்டு மாதம், இனி இருபது மாதம். தலைமறைவானவரை அனுப்பும் தவணை மூன்று ஆண்டு. திருப்பி எடுக்கும்படி கேட்டுக் காத்திருப்பதற்குப் பதிலாக அறிவித்தல் மட்டும் போதும். கைரேகை எடுக்கும் வயது பதினான்கிலிருந்து ஆறுக்கு இறங்குகிறது, முகப்படமும் சேர்கிறது. முதலாம் வகுப்புப் பிள்ளை கண்ணாடித் தட்டில் விரல் வைக்கவேண்டும். காணாமற்போகும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்க உதவும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் பொய்யில்லை. அந்தப் பதிவு பாதுகாப்புக்கு மட்டும் பயன்படும் என்று யாராலும் உறுதி தரமுடியாது என்பதும் பொய்யில்லை.

எல்லை நாடுகளின் பாரத்தைப் பங்கிட ஒரு கூட்டு நிதியும் இடமாற்றமும் உண்டு. ஆண்டுக்கு 30,000 பேரை மாற்றுவது அடிப்படை இலக்கு. ஆளை எடுக்க விரும்பாத நாடு, எடுக்காத ஒவ்வொருவருக்கும் 20,000 யூரோ கொடுக்கலாம், அல்லது ஆட்களையும் கருவிகளையும் உதவியாக அனுப்பலாம். 2015-ன் கட்டாயப் பங்கீடு தோற்றதால் இந்தத் தெரிவு என்கிறார்கள். ஹங்கேரியும் போலந்தும் இதையும் எதிர்த்தே வாக்களித்தன.

நம்மவருக்கு நேரே தொடுகிற பகுதி எல்லை விசாரணை. ஒன்றியம் முழுவதுக்குமான கணக்கில் நூற்றுக்கு இருபதோ அதற்குக் குறைவாகவோ தஞ்சம் கிடைக்கும் நாட்டவர் என்றால், அவருடைய வழக்கு எல்லையிலேயே பன்னிரண்டு வாரத்துக்குள் முடியவேண்டும். பாதுகாப்பான நாடுகள் என்று ஒன்றியம் முழுவதுக்கும் ஒரு பட்டியலையும் 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்தது. அதில் வங்காளதேசம், எகிப்து, மொரோக்கோ, துனீசியா, கொலம்பியா, கொசோவோ ஆகியவற்றோடு இந்தியாவும் இருந்தது. பட்டியலில் உள்ள நாடு என்பதால் கோரிக்கை தானாகத் தள்ளுபடியாவதில்லை. ஆனால் விசாரணை அவசரமாக நடக்கும், எனக்கு மட்டும் ஏன் அது பாதுகாப்பில்லை என்று காட்டும் பாரம் வந்தவர் தோளில் ஏறும். சாதிக் கொடுமையிலிருந்து தப்பிவந்த ஒருவர், எல்லை முகாமில், தெரியாத மொழியில், சில வாரத்துக்குள் அதைக் காட்டவேண்டியிருக்கும்.

பிரித்தானியா 2020-ன் முடிவோடு டப்ளினை விட்டுப் போய்விட்டது. டி.ஐ.யை எந்தச் சட்டத்தால் அனுப்பப் பார்த்தார்களோ அது இப்போது அவர்கள் கையில் இல்லை, யூரோடாக்கும் இல்லை. ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சட்டவிரோதம் என்றது. அடுத்த ஆண்டு வந்த புதிய அரசு அதைக் கைவிட்டது. 2025-ல் பிரான்சோடு, ஒருவரைத் திருப்பி அனுப்பினால் ஒருவரைச் சட்டப்படி எடுப்பது என்று சிறிய அளவில் ஒரு சோதனை ஏற்பாடு தொடங்கியது.

புதிய சட்டத்தில் நான் மனதார வரவேற்கும் ஒரு திருத்தமும் இருக்கிறது. அது ஒரு வரையறைக்குள் ஒளிந்திருக்கிறது. 2013-ன் சட்டம் குடும்பம் என்றால் சொந்த நாட்டிலேயே இருந்த குடும்பம் என்றது. சொல்லுக்குச் சொல் பார்த்தால், யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி மண்டபம் முகாமுக்கு வந்து, அங்கே கல்யாணம் செய்த கணவனும் மனைவியும் அந்த வரையறைக்கு வெளியே. இந்தியா 1951 உடன்படிக்கையில் சேராத நாடு. தமிழ்நாட்டு முகாம்களில் முப்பது நாற்பது ஆண்டு வாழ்ந்து, அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்தவர்கள் பல்லாயிரம் பேர். புதிய சட்டம் ‘ஐரோப்பாவுக்கு வருமுன் உருவான குடும்பம்’ என்று மாற்றியிருக்கிறது. கணவர் பாரிசில் தஞ்சம் பெற்றிருக்க, மனைவி இத்தாலியில் வந்திறங்கினால், இனி அவருடைய வழக்கைப் பிரான்ஸ் எடுக்கவேண்டும் என்று கேட்க வாசல் திறக்கிறது.

ஆனால் கேட்கவேண்டும். குடும்ப அளவுகோல் தானாக வேலை செய்வதில்லை. சேர விரும்புகிறோம் என்று இருவரும் எழுத்தில் தரவேண்டும். முதல் நேர்காணலிலேயே கணவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லியிருக்கவேண்டும். ஏஜென்சிக்காரர் ‘ஒருவரையும் தெரியாது என்று சொல்’ என்று சொல்லிக்கொடுத்து அனுப்பியதால் அந்த முதல் நாளிலேயே உரிமையை இழந்தவர்கள் இருக்கிறார்கள். பின்னால் உண்மையைச் சொன்னாலும், முதலில் ஏன் மறைத்தாய் என்ற கேள்வி கோப்போடு ஒட்டிக்கொள்ளும். வேறொரு நாட்டுக்கு அனுப்பும் முடிவை எதிர்த்து மேன்முறையீடு செய்யப் புதிய சட்டம் விடும் காலம், நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், ஒரு வாரத்துக்கும் மூன்று வாரத்துக்கும் இடையில். முகாமில் பதிந்த கல்யாணத்தின் சான்றிதழை ராமநாதபுரத்திலிருந்து எடுத்து, மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி, இத்தாலியிலிருக்கும் ஒரு வழக்கறிஞரின் மேசைக்கு அது வந்து சேரவேண்டியதும் அந்த நாட்களுக்குள்தான்.